மண்ணைக் கேட்டுக் கருவி வாங்குவோம்

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் குடும்பத்துடன் ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குச் சென்றிருந்தார். அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்த பேத்தி சறுக்கி விழப்போனாள். அவளைப் பிடிக்கக் குனிந்த பாட்டியம்மாவின் தாலிச் சங்கிலி கொக்கி கழன்று நழுவிவிட்டது. அடுத்த அலை வந்து திரும்பியபோது மணல் மட்டுமே இருந்தது.

மறுநாள் காலையில் அன்பர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். நான் முப்பது ஆண்டுகள் வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்த்தவன். அந்த அனுபவ மிடுக்கில், "எந்த மெட்டல் டிடெக்டரானாலும் தங்கத்தைக் காட்டும், தயங்காமல் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் நல்ல விலை கொடுத்து வெளியூரிலிருந்து ஒரு கருவியை வரவழைத்தார். உலர்ந்த மணலில் அது அழகாக வேலை செய்தது. ஈர மணலில் வைத்ததும் ஓயாமல் அலறியது. "அண்ணாச்சி, இது மண்ணைப் பார்த்தே கத்துதே!" என்றார். மூன்று நாள் தேடினோம். சோடா மூடிகளும் ஒரு சாவியும் கிடைத்தன. தாலி கிடைக்கவில்லை.

குறை கருவியில் இல்லை, என் அறிவுரையில்தான் இருந்தது. எந்த மண்ணில் தேடப்போகிறோம் என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பிழைக்குப் பரிகாரமாகப் பிறகு நான் படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றைப் பாடமாக இங்கே எழுதுகிறேன். மலையாள வழியில் படிக்கும் நம் பிள்ளைகளும் வாசிக்கவேண்டும் என்பதால், அறிவியல் சொற்களைத் தமிழில் விளக்கியே எழுதியிருக்கிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மெட்டல் டிடெக்டரின் அடியில் வட்டத் தட்டுப்போல இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உண்டாகி, நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகப் பொருள் ஒன்று வந்தால், அதன் உடலுக்குள்ளேயே சிறு மின்னோட்டங்கள் நீர்ச்சுழிபோலச் சுழலும். இவற்றைச் சுழல் மின்னோட்டங்கள் என்பர். இவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. கருவியிலுள்ள இரண்டாவது சுருள் அதை உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. கருவி உலோகத்தை நேரே "பார்ப்பதில்லை". உலோகம் எழுப்பும் எதிரொலியைத்தான் கேட்கிறது.

இதன் வரலாற்றில் முதல் பாடமே ஒரு தோல்விதான். 1881 ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேடத் தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவியுடன் வந்தார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி, நோயாளியிடம் வைத்தபோது குழம்பிய ஒலியையே தந்தது. அவர் படுத்திருந்த மெத்தையில் எஃகுச் சுருள்வில்கள் இருந்தன. உடலின் வலப்பக்கத்தை மட்டுமே தேட மருத்துவர் அனுமதித்ததும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார். பொருளுக்குக் கீழேயும் சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால் சிறந்த கருவியும் பயன்படாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெஃப் கோசாட்ஸ்கி, ஒருவர் கையில் ஏந்தி நடக்கத்தக்க கண்ணிவெடி காணும் கருவியை வடிவமைத்தார். 1942இல் எகிப்தின் எல் அலமெய்ன் பாலைவனப் போரில் சுமார் 500 கருவிகள் பயன்பட்டன. அங்கே தரை உலர்ந்த மணல். புதைந்திருந்தவை பெரிய உலோக வெடிகள். மண்ணும் பொருளும் கருவிக்கு இசைவாக அமைந்த இடம் அது. எல்லா ஊரும் எல் அலமெய்ன் அல்ல.

மண் தரும் மூன்று தொல்லைகள்

முதல் தொல்லை, மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்கள். இவை காந்தப்புலத்தைத் தாமே மாற்றிவிடுவதால் கருவி மண்ணையே உலோகமென்று எண்ணிக்கொள்ளும். இரண்டாவது உப்பு. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈர உப்பு மணல் முழுவதும் ஒரு பெரிய, மெல்லிய உலோகத் தகடுபோல நடந்துகொள்ளும். எங்கள் கருவி அலறியது இதனால்தான். மூன்றாவது குப்பை: ஆணி, தகர மூடி, கட்டுக்கம்பித் துண்டு போன்றவை. இவை பொய்ச் செய்தி அல்ல, மெய்யான உலோகமே. ஆனால் நாம் தேடுவது அதுவல்ல.

இம்மூன்றையும் சமாளிக்க மூன்று வகைக் கருவிகள் உள்ளன.

ஒன்று, ஒற்றை அதிர்வெண் கருவி. நொடிக்குச் சில ஆயிரம் முதல் பல பத்தாயிரம் அதிர்வுகளில் ஏதேனும் ஒன்றில் இடைவிடாமல் வேலை செய்யும். கடைகளில் வி.எல்.எஃப். என்று சொல்லுவார்கள். இரும்பையும் மற்ற உலோகங்களையும் ஓரளவு பிரித்துச் சொல்லும், விலையும் குறைவு. குறைந்த அதிர்வெண் பெரிய, ஆழமான பொருளுக்கும், உயர்ந்த அதிர்வெண் சிறு தங்கத் துணுக்குக்கும் ஏற்றது.

இரண்டு, பல அதிர்வெண் கருவி. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் கேட்டு, அவற்றை ஒப்பிட்டு உப்பின் குரலைக் கழித்துவிடும்.

மூன்று, துடிப்புக் கருவி. பி.ஐ. என்பது கடைப்பெயர். இது மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் நின்ற பின்பே காது கொடுக்கும். ஈர உப்பில் எழும் சுழல் மின்னோட்டம் மிக விரைவில் அடங்கிவிடும். உலோகத்தில் எழுவது சற்று நீடிக்கும். உப்பு அடங்கும்வரை காத்திருந்து கேட்பதால் உப்புத் தொல்லை ஒழிகிறது. ஆனால் மிக மெல்லிய தங்கச் சங்கிலியின் எதிரொலியும் அந்த நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். மேலும் இது ஆணியையும் மோதிரத்தையும் நன்கு பிரித்துச் சொல்வதில்லை. அகப்பட்டதையெல்லாம் தோண்டத்தான் வேண்டும்.

ஆக, எல்லாம் வல்ல கருவி என்று ஒன்று இல்லை. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டியிருக்கிறது. எதை விடலாம் என்பதை மண்தான் முடிவு செய்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள மண் வகைகள்

கொச்சியைப்போல ஒரு நாள் பயணத்துக்குள் இத்தனை வகை மண்ணைக் காட்டும் ஊர்கள் குறைவு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உலர்ந்த கடல் மணல்: அலை எட்டாத மேட்டு மணல் எளிய இடம். ஒற்றை அதிர்வெண் கருவியே போதும். பெரிய சுருள் போட்டால் விரைவாகப் பரப்பளவை முடிக்கலாம்.

ஈர உப்பு மணல்: அலை ஏறி இறங்கும் பகுதிக்குப் பல அதிர்வெண் கருவியோ துடிப்புக் கருவியோ வேண்டும். சுருள் மட்டுமல்லாமல் பெட்டியும் நீர் புகாததாக இருப்பது நல்லது. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தை வேலியேற்ற அட்டவணையில் பார்த்துக்கொண்டு போகவேண்டும். ஒற்றை அதிர்வெண் கருவிதான் கையில் இருக்கிறதென்றால் உணர்திறனைக் குறைத்து, சுருளைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் பிடித்து, மெதுவாக வீசலாம். ஆழம் குறையும், ஆனாலும் அலறல் அடங்கும். அன்று இதையாவது நாங்கள் செய்திருக்கலாம்.

காயல் கரைச் சேறு: இது ஆண்டுக்கு இருமுறை குணம் மாறும் மண். இடவப்பாதி மழையில் பெரியாறும் மற்ற ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது காயலின் உப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் கடல்நீர் உள்ளே ஏறி உப்பு கூடுகிறது. ஆடி மாதத்தில் அமைதியாக இருந்த கருவி பங்குனியில் அதே கரையில் குழம்பினால் கருவி கெட்டுவிட்டதென்று எண்ணவேண்டாம். மண் மாறியிருக்கிறது. சேற்றில் கனமான பொருள் நாளடைவில் கீழே இறங்கும் என்பதால் தாமதிக்காமல் தேடுவதும் முக்கியம்.

வெட்டுக்கல் மண்: திருப்பூணித்துறை, காக்கநாடு, ஆலுவாப் பக்கம் வீடு கட்டியிருப்போர் அறிந்த செம்மண் இது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சரளை மண் என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் லேட்டரைட் என்ற பெயரே கேரளத்தில் பிறந்ததுதான். மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைக் கண்டு, செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை ஆக்கி 1807இல் வெளியான தம் நூலில் எழுதினார். பன்னெடுங்காலப் பெருமழை மண்ணிலுள்ள மற்றவற்றைக் கரைத்துக்கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த ஆக்சைடுகள் எஞ்சி நிற்பதே இம்மண். கருவிக்கு இதுதான் கடுமையான சோதனை. சில இரும்புத் துகள்கள் புலம் நின்ற பிறகும் சற்று நேரம் காந்தத்தன்மையை விடாமல் வைத்திருப்பதால், துடிப்புக் கருவியைக்கூட இவை ஏமாற்றும்.

இங்கே வேண்டியது "மண் சமன்" செய்யும் வசதி. சுருளை உலோகமில்லாத இடத்தில் ஏற்றி இறக்கி, மண்ணின் குரல் மறையும்வரை கருவியைத் திருத்துவதே மண் சமன் செய்தல். மலிவான கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். செம்மண்ணுக்கு அவை உதவா. கையாலோ தானாகவோ சமன் செய்யும் கருவியாகப் பார்த்து வாங்கவேண்டும். சுருள் சிறியதாக இருக்கட்டும். பெரிய சுருள் அதிக மண்ணைப் பார்ப்பதால் அதிகமாகக் குழம்பும். இரண்டு 'டி' எழுத்துகளை முதுகோடு முதுகாக வைத்ததுபோன்ற இரட்டை 'டி' சுருள் இம்மண்ணுக்கு ஏற்றது. நல்ல மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் காட்டும் நாணயத்தை இங்கே அரைச் சாணில் காட்டினாலே திருப்திப்படவேண்டும்.

கருமணல்: கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணல் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் நிறைந்த மணல் அது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலை ஆராய்ந்துதான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலார் 1909இல் மோனசைட்டைக் கண்டறிந்தார். கறுப்புக் கனிமங்களும் உப்பும் ஒரே இடத்தில் சேர்வதால் இரட்டைத் தொல்லை. ஒன்றைச் சமன் செய்தால் மற்றது தலைதூக்கும். பல அதிர்வெண் கருவியே இங்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

பழைய வீட்டு முற்றம்: மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளையும் வீடுகளையும் சுற்றியுள்ள மண்ணில் பல தலைமுறைகளின் ஆணியும் தகரமும் கலந்திருக்கும். ஓட்டுத் துண்டுக்கும் செங்கல்லுக்கும்கூடக் கருவி குரல் கொடுக்கலாம். சூளையில் சுட்ட மண்ணில் இரும்புச்சேர்மங்கள் காந்தத்தன்மை பெற்றுவிடுவதே காரணம். இங்கே சிறிய சுருளும், விரைவாகப் பிரித்தறியும் ஒற்றை அல்லது பல அதிர்வெண் கருவியும் வேண்டும். துடிப்புக் கருவியைக் கொண்டுபோனால் நாள் முழுவதும் ஆணி பொறுக்கலாம்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

கருவி வாங்குமுன் மண்ணைச் சோதியுங்கள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, உலர்ந்த மண்ணில் இழுத்துப் பாருங்கள். பையின் மேல் கறுப்புத்தூள் மீசைபோல ஒட்டினால் அது இரும்புத்தாது மிகுந்த மண். மண் சமன் வசதி இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

இரண்டாவதாக, கடைக்காரர் கருவியைக் காற்றில் பிடித்து மோதிரத்தைக் காட்டி, "பாருங்கள், ஒரு முழம் தூரத்தில் கத்துகிறது" என்று சொன்னால் அதை அப்படியே நம்பவேண்டாம். உங்கள் மண்ணில் ஒரு பொருளை நான்கு விரல், எட்டு விரல், ஒரு சாண் என்று புதைத்து, அங்கே வீசிப் பார்ப்பதே சோதனை. புதைத்த இடத்தில் குச்சி நட மறக்கவேண்டாம். நான் மறந்து ஒரு நாணயத்தை இழந்திருக்கிறேன்.

மூன்றாவது, பிரித்தறியும் வசதியைப்பற்றி ஓர் எச்சரிக்கை. 1992 முதல் நம் நாட்டில் வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். இரும்பைத் தள்ளிவிடும்படி கருவியை அமைத்தால் அது இந்த நாணயத்தையும் சேர்த்தே தள்ளிவிடக்கூடும். அதுபோலவே தங்க மோதிரமும் அலுமினியக் காகிதத் துண்டும் பெரும்பாலும் ஒரே குரலில் பேசும். காகிதத் தொல்லை வேண்டாமென்று அதைத் தள்ளினால் மோதிரமும் போய்விடும்.

சங்கிலி தனிக்கதை. ஐந்து பவுன் சங்கிலியானாலும் கருவிக்கு அது ஐந்து பவுன் அல்ல. தனித்தனிச் சிறு வளையங்கள்தாம். சுழல் மின்னோட்டம் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தனித்தனியே சிறிதாகச் சுழல்வதால் எதிரொலி மெலிதாக இருக்கும். கருவி பெரும்பாலும் பிடிப்பது தாலிப்பொட்டையோ கொக்கியையோதான். தாலி தொலைத்தவர் இதை அறிந்து, மெல்லிய குரலையும் அலட்சியம் செய்யாமல் தோண்டவேண்டும்.

மண்ணும் உயிரும்

இதுவரை சொன்னது நகைக்கும் நாணயத்துக்குமான கணக்கு. இதே கேள்வியை ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் மிதிவெடிகளை அகற்றும் பணியாளர்களே அவர்கள். அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்த தமிழர்கள். பெண்களும் கணிசமாக உள்ளனர்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்த மக்கள் திரும்பிச் செல்லவேண்டிய வயல்களிலும் தென்னந்தோப்புகளிலும் வெடிகள் புதைந்து கிடந்தன. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் காலத்திலேயே ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற தொண்டு நிறுவனங்கள் பணியைத் தொடங்கியிருந்தன. பின்னர் 'டாஷ்' என்ற உள்நாட்டு அமைப்பும் சேர்ந்தது. இந்திய அரசின் உதவியுடன் சர்வத்ரா, ஹொரைசன் என்ற இந்திய அமைப்புகளும் பணியாற்றின. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, இருதரப்புப் படைகளின் முன்னரங்கு நெடுங்காலம் நிலைகொண்டிருந்த முகமாலை, அங்குள்ள மிகக் கடுமையான வெடிநிலங்களில் ஒன்று.

அங்கே பொருளின் இயல்பே கருவிக்கு எதிரானது. பி-4 போன்ற மிதிவெடியின் உடல் முழுவதும் பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சிறிது. விடுதலைப் புலிகள் செய்த ஜானி என்ற வெடியின் கூடு மரப்பெட்டி. அச்சிறு உலோகத்தைக் கேட்கக் கருவியின் உணர்திறனைக் கூட்டவேண்டும்; கூட்டினால் மண்ணும் பேசும், போரில் சிதறிய எறிகணைச் சில்லுகள் ஒவ்வொன்றும் பேசும். குறைத்தாலோ ஒரு வெடி பேசாமல் இருந்துவிடும். நம் கடற்கரையில் தவறினால் ஒரு மோதிரம் போகும். அங்கே தவறினால் நாளை அவ்வழியே தண்ணீர் எடுக்கப்போகும் ஒரு சிறுமியின் கால் போகும்.

ஆகவே அப்பணியில் கருவியின் விளம்பரத்தாளை நம்புவதில்லை. வேலை தொடங்குமுன், அந்த மண்ணிலேயே, குறித்த ஆழத்தில் புதைத்த சோதனைப் பொருளைக் கருவி காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வெடிநிலத்தில் கால் வைப்பார்கள். 2003இல் ஐரோப்பியத் தர அமைப்பின் வழியே, வெடி தேடும் கருவிகளை எப்படிச் சோதிக்கவேண்டும் என்று ஓர் உடன்பாடே வெளியிடப்பட்டது. காற்றில் மட்டுமன்றி மண்ணிலும் சோதிக்கவேண்டும் என்பது அதில் அடங்கும். 2004இல் லாவோஸிலும் 2005இல் மொசாம்பிக்கிலும் அத்தகைய ஒப்பீட்டுச் சோதனைகள் நடந்தன. கம்போடியாவில் உலோகங்காணும் சுருளையும் நிலத்தை ஊடுருவும் ராடாரையும் ஒரே கைக்கருவியில் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது யாழ்ப்பாணத்து அனுபவம். அங்கே நார்வே நாட்டு மக்கள் உதவி அமைப்பு, சில்லுகள் நிறைந்த மணற்பாங்கான நிலத்தில் கருவியை நம்பிக் காலம் கழிப்பதைவிட, நீண்ட கைப்பிடி கொண்ட வாரிகளால் மண்ணை மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாக வாரி, குறித்த ஆழம்வரை முழுவதையும் பார்த்துவிடும் முறையை வளர்த்தெடுத்தது. நம் ஊரில் களத்தில் நெல் வாருவோமே, ஏறக்குறைய அந்த வாரிதான். பாதுகாப்பு உடையும் கடும் பயிற்சியும் இல்லாமல் அதை ஒருவரும் செய்யலாகாது. மண் இடம் கொடுக்காதபோது கருவியைக் கீழே வைக்கத் தெரிவதும் கருவி அறிவில் அடங்கும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

2017 டிசம்பரில் இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. மொசாம்பிக் 2015இல் தன் நாடு வெடிகளிலிருந்து விடுபட்டதென்று அறிவித்தது. பொறுமையாகச் செய்தால் முடியக்கூடிய பணிதான் இது. உறவினரைப் பார்க்க வடக்கே செல்லும் அன்பர்கள் யாராயினும், அபாயப் பலகை உள்ள இடத்தில் எந்தக் கருவியையும் எடுத்துக்கொண்டு இறங்கக்கூடாது. கடையில் வாங்கும் கருவி அதற்குரியது அல்ல.

சட்டமும் மோசடியும்

கருவி வாங்கியவருக்கு அடுத்து வரும் ஆசை புதையல். 1983இல் வடக்குப் பறவூருக்கு அருகே வள்ளுவள்ளியில் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்த ஊர்ப்பகுதி நம்முடையது. ஆசை எழுவது இயல்பே. ஆனால் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும், பின்னர் 1968இல் கேரளம் இயற்றிய சட்டமும், மண்ணில் கிடைத்த புதையலை அரசு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்கின்றன. மட்டாஞ்சேரி அரண்மனை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஒரு பழங்காசு எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. பிடுங்கி எடுத்த காசு வெறும் உலோகம்.

2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில், ரப்பர்த் தோட்டத்தில் மழைநீர்க் குழி தோண்டிக்கொண்டிருந்த வேலையுறுதித் திட்டப் பெண்கள், மண்ணிலிருந்து வந்த பாத்திரத்தை முதலில் வெடிகுண்டோ என்று அஞ்சினார்கள். உள்ளே தங்கப் பதக்கங்களும் முத்துமணிகளும் வெள்ளிக் காசுகளும் இருந்தன. அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். அன்றாடக் கூலிக்கு மண்வெட்டி பிடித்த கைகள் அவை. நமக்கு அதைவிட வேறு நீதிபோதனை தேவையில்லை.

மோசடிக்காரர்களையும் சொல்லியாகவேண்டும். "பத்து மைலுக்கு அப்பால் உள்ள தங்கத்தைக் காட்டும்" என்று ஆண்டெனாக் கம்பி வைத்த பெட்டியை விற்பவர்களும், அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்று பணம் பறிப்பவர்களும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இன்றும் உலவுகிறார்கள். சுருள் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் உலோகத்தைக் காட்டும் கருவி கிடையாது. ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவர் கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை அடிப்படையாகக் கொண்டு, குண்டு காட்டும் கருவியென்று ஈராக் அரசுக்கே விற்றார். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வாகனங்களை விட்டார்கள். 2013இல் லண்டன் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஓர் அரசே ஏமாறுமானால் நாம் எம்மாத்திரம்? எந்தக் கருவியானாலும், விற்பவர் அறியாமல் நீங்கள் புதைத்து வைத்த பொருளைக் காட்டச் சொல்லுங்கள். பொய் அங்கேயே வெளுத்துவிடும்.

முடிவாக

கருவி வாங்க நினைப்பவர் கடைக்குப் போகுமுன் நான்கு கேள்விகளைத் தமக்கே கேட்டுக்கொள்ளட்டும். எந்த மண்? எந்தப் பொருள்? எவ்வளவு குப்பை? யாருடைய நிலம்? இந்நான்குக்கும் விடை கிடைத்த பின்பே விலையைக் கேட்கவேண்டும். ஒரே ஒரு நாள் தேவைக்கென்றால் வாங்காமல், வைத்திருப்பவரைத் தேடி உதவி கேட்பதே சிக்கனம்.

அந்தப் பாட்டியம்மாவுக்குப் பிள்ளைகள் பிறகு புதுத்தாலி செய்து போட்டார்கள். "கடல் கேட்டது, கொடுத்துட்டேன். பேத்தி கையிலே இருக்காளே, அது போதும்" என்று அவர் சொன்னார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இதைப் படிப்பவர்களில் ஒருவராவது அடுத்த முறை மண்ணைக் கேட்டுவிட்டுக் கருவியைத் தேர்ந்தால் ஆறும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. பெல்லின் கருவி 1881இல் தோற்றதற்குக் காரணம் என்ன?
2. ஒரே காயல் கரை ஆடியிலும் பங்குனியிலும் கருவிக்கு வேறுவேறாகத் தோன்றுவது ஏன்?
3. வெட்டுக்கல் மண்ணுக்கு ஏற்ற கருவியில் இருக்கவேண்டிய வசதி எது? சுருள் பெரியதா, சிறியதா?
4. கனமான சங்கிலியும் கருவிக்கு மெலிதாகக் கேட்பது ஏன்?
5. ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு மண்ணையும், பள்ளி மைதானத்து மண்ணையும், கடற்கரை மணலையும் சோதித்து, எதில் அதிகக் கறுப்புத்தூள் ஒட்டியது என்று எழுதுக.

முதல் நான்குக்கும் விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாவதன் விடை உங்கள் காலடியில். எழுதி, சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.